கலகமா, போரா?

ஆபிரிக்காவின் விடுதலை வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர் தலைவர்களின் பெயர்களோடு தொடங்கி, தலைவர்களின் பெயர்களோடே முடித்துவிடுகின்றனர். சந்தையில் எண்ணெய் விற்ற பெண்ணுக்கு அந்த ஏடுகளில் இடமில்லை. ஆயினும் 1929 ஆம் ஆண்டின் இறுதியில், தென்கிழக்கு நைஜீரியாவில் பிரித்தானிய ஆட்சியை நிலைகுலையச் செய்தவர்கள் அத்தகைய பெண்களே. அவர்களை நாம் நினைவுகூர வேண்டியதன் காரணம் வெறும் இரக்கமன்று; மக்கள் எவ்வாறு அணிதிரள்கின்றனர் என்பதை அவர்களிடமிருந்து கற்கவேண்டியிருப்பதேயாகும்.

அப்பகுதியின் இக்போ மக்களிற் பெரும்பாலோர் மன்னராட்சியை அறியாதவர்கள். ஊர்க் காரியங்களை ஊரவையே தீர்மானித்தது. பெண்களுக்கெனத் தனி அவைகளும் இருந்தன. சந்தையின் ஒழுங்கைக் காத்தவர்கள் அவர்களே. மனைவியை வருத்திய கணவனின் வீட்டைச் சூழ்ந்து நின்று, இரவு பகலாகப் பாடியும் ஆடியும், உலக்கையாற் சுவரை இடித்தும் அவனைப் பணியவைப்பது அவர்கள் கையாண்ட தண்டனை முறை.

இத்தகைய சமுதாயத்தின்மீதே பிரித்தானியர் தமது மறைமுக ஆட்சியைத் திணித்தனர். மன்னர் இல்லாத இடத்தில், அதிகாரப் பத்திரம் வழங்கித் தலைவர்களைத் தாமே படைத்தனர். மக்கள் தெரிவு செய்யாத அத்தலைவர்கள் சுதேச நீதிமன்றங்களில் அமர்ந்து கைக்கூலி வாங்கினர். மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்தனர். பெண்களுக்கு அந்த ஆட்சியில் ஏறக்குறைய இடமே இல்லை.

1926 இல் ஆண்கள் எண்ணப்பட்டனர். எதற்காக எண்ணினர் என்பது மறைக்கப்பட்டது. 1928 இல் அவர்கள்மீது நேர்வரி விழுந்தபோதே அந்த எண்ணிக்கையின் பொருள் மக்களுக்கு விளங்கிற்று. வரிப்பணத்தில் ஒரு பகுதி பெண்களின் உழைப்பிலிருந்தே வந்தது. அவர்கள் விற்ற பனையெண்ணெய்க்கும் பனம்பருப்புக்கும் விலை சரிந்துகொண்டிருந்தது. அவர்கள் வாங்கிய பொருள்களுக்கோ விலை ஏறிற்று.

இந்நிலையில், 1929 நவம்பரில், ஒலோக்கோ என்னும் ஊரிலே, தலைவர் ஒக்குகோ அனுப்பிய எமெருவா என்பவன் நுவன்யெருவா என்ற பெண்ணிடம் வந்து, அவளுடைய ஆடுகளையும் வீட்டாரையும் எண்ணிச் சொல்லுமாறு கேட்டான். 'உன் தாயை எண்ணினார்களா?' என்று அவள் திருப்பிக் கேட்டாள். எண்ணிக்கைக்குப் பின் வரி வரும் என்பதை அவள் முன்னரே கண்டிருந்தாள். செய்தி சந்தைவழியே ஊர்தோறும் பரவிற்று. பெண்கள் ஒக்குகோவின் வளவைச் சூழ்ந்தனர். குடும்பத்தில் வழங்கிய தண்டனை ஆட்சியின்மீது திரும்பியது. ஒக்குகோ பதவி நீக்கப்பட்டுச் சிறையிலிடப்பட்டான்.

போராட்டம் அத்துடன் ஓயவில்லை. ஓவெரி, கலபார் மாகாணங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள், முகத்திற் சாம்பல் பூசி, பனங்குருத்துச் சுற்றிய கோல்களை ஏந்திப் புறப்பட்டனர். சுதேச நீதிமன்றங்களைத் தாக்கினர். வெள்ளையர் வணிக நிலையங்களையும் விட்டுவைக்கவில்லை. பெண்களுக்கு வரியில்லை என்று அதிகாரிகள் கூறிய பின்னரும் அவர்கள் கலையவில்லை. வெறும் வாய்வார்த்தையை அவர்கள் இனி நம்பத் தயாராயில்லை.

டிசம்பர் 16 ஆம் நாள் ஒபோபோவில் அவர்கள் கேட்டது இதனையே தெளிவாக்கும். பெண்களிடம் வரி வாங்கலாகாது. பொதுச் சந்தைக் கொட்டிலுக்கு வாடகை கூடாது. ஆண்களிடமும் வரி அறவிடலாகாது என்ற கோரிக்கைகளை எழுத்திற் பொறித்துத் தருமாறு வற்புறுத்தினர். படைகள் துப்பாக்கியால் விடையளித்தன. அங்கு மட்டும் 30 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். போராட்டம் முழுவதிலும் 50 இற்கு மேற்பட்ட பெண்கள் உயிர் நீத்தனர். கூட்டுத்தண்டனை என்ற பெயரில் வீடுகளும் எரிக்கப்பட்டன.

1930 இல் விசாரணைக்குழு அமர்ந்தது. அதில் ஒரு பெண்ணும் உறுப்பினராக இல்லை. அரசாங்க ஏடுகள் இந்நிகழ்ச்சியை 'ஆபா கலகம்' என்று குறித்தன. மக்களோ 'பெண்கள் போர்' என்றனர். இது சொற்சண்டையன்று. கலகமென்றால் அது வெறி; போரென்றால் அதற்குக் காரணமும் கோரிக்கையும் அமைப்பும் உண்டு. 1930 களின் தொடக்கத்தில் அதிகாரப் பத்திரத் தலைவர் முறை கைவிடப்பட்டமை, போர் என்ற பெயரே பொருந்தும் என்பதற்குச் சான்று.

எனினும் வரி நீங்கவில்லை. புதிய அவைகளிலும் பெண்களுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. முழு வெற்றி என நாம் இதனைக் கூறமாட்டோம். ஆனால் வகுப்பறையில் ஆபிரிக்க வரலாற்றைக் கற்பிக்கும்போது, எவருடைய சொல்லால் அதனைப் பெயரிடுகிறோம் என்பதை நாம் ஒருகணம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். சுட்டவனின் சொல்லா? சுடப்பட்டவளின் சொல்லா?