இரு வீதிகளில் ஒரு கிளாரினெட்

நயினாதீவு நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாவில் சுவாமி வீதிவலம் வரும்போது, நாதஸ்வரக்காரரின் கைகளை அருகே நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். தோடியின் காந்தாரம் வருமிடத்தில் விரல் துளையை முழுதாக மூடுவதுமில்லை, முழுதாகத் திறப்பதுமில்லை. ஓரத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். அந்த விரலசைவை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு கிளாரினெட் கலைஞர்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒருவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன், மற்றவர் சிக்காகோவின் பென்னி குட்மேன்.

குட்மேன் பிறந்தது 1909இல். பத்து வயதில் அவர் கையில் கிளாரினெட் வந்தது ஒரு யூத வழிபாட்டிடத்தின் சிறுவர் இசைக்குழுவில். நடராஜன் பிறந்தது 1931இல். அவர் பயின்றது கோயில் வாத்தியமான நாதஸ்வரம். குட்மேனின் விரல்களை ஐரோப்பிய சாஸ்திரிய ஆசிரியர் ஒருவர் பழக்கினார், பிறகே அவை ஜாஸுக்குப் போயின. நடராஜனின் விரல்களை நாதஸ்வரம் பழக்கியது, பிறகே அவை கிளாரினெட்டுக்கு வந்தன. இருவருமே வேறோர் இசையில் பழகிய கையோடுதான் தத்தம் துறைக்குள் நுழைந்தார்கள்.

இரு துறைகளிலும் இந்த வாத்தியம் உள்ளே வந்த வாசல் பெருமைக்குரியதாகக் கருதப்படவில்லை. ஜாஸில் அது நியூ ஓர்லியன்ஸ் தெருக்களில், சவ ஊர்வலத்தோடு நடந்த வாத்தியக் குழுக்களில் வளர்ந்தது. கர்நாடக இசையில் அது 19ஆம் நூற்றாண்டுச் சதிராட்டத்தின் பக்கவாத்தியமாக, சின்ன மேளம் என்ற ஆடற்குழுவோடு வந்தது. அந்தச் சின்ன மேளத்தைக் கோயில்களில் ஆடவிடக் கூடாதென்று யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் கண்டித்ததை நாம் அறிவோம். 1938 ஜனவரி 16இல் குட்மேன் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் ஜாஸை மேடையேற்றினார். நடராஜனுக்குச் சென்னை மியூசிக் அகாதெமி 2008இல் சங்கீத கலாநிதி விருது அளித்தது. தெருவிலிருந்து அங்கே மண்டபத்துக்கு வந்த அதே வாத்தியம், இங்கே அந்த உயரத்தை எட்ட மேலும் 70 ஆண்டுகள் எடுத்தது.

இனி அந்த விரலுக்கு வருவோம். 1924இல் அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் புளூ' முதன்முதலாக அரங்கேறியபோது, தொடக்கத்தில் கிளாரினெட்டுக்காக அவர் எழுதியிருந்தது 17 சுரங்கள் ஏறும் வரிசை. ஒத்திகையில் ரோஸ் கோர்மன் என்ற கலைஞர் விளையாட்டாக அதை ஒரே இழுப்பாக வழுக்கி வாசித்தார். கெர்ஷ்வினுக்கு அதுவே பிடித்துப்போயிற்று. துளைகளின் மேலிருந்து விரல்களை மெல்ல வழுக்கி எடுத்து, உதட்டையும் தொண்டையையும் தளர்த்தினால் அந்த இழுப்பு வரும். நடராஜனின் கிளாரினெட்டில் கமகம் பிறப்பதும் விரலும் உதடும் இப்படிக் கூடும்போதுதான். ஆயினும் பயன் வேறு. ஜாஸில் வழுக்கல் ஒரு சுரத்தைப் போய்ச் சேரும் வழி. தோடியிலோ அந்த அசைவே காந்தாரம்.

வாத்தியத்தின் உடலமைப்பும் இங்கே குறுக்கே நிற்கிறது. நாதஸ்வரக் குழல் கூம்பு வடிவம். ஊதலை இறுக்கினால் அதே விரலமைப்பில் மேல் ஸ்தாயி கிடைக்கும். கிளாரினெட் பெரும்பாலும் நேர்க்குழல்; அங்கே ஒரு ஸ்தாயியையும் தாண்டி, 'ச' மேல் 'ப'வாகிவிடும். ஆகவே நாதஸ்வரக்காரர் கிளாரினெட்டைத் தொட்டால் மேல் ஸ்தாயியின் விரல்களைப் புதிதாகப் படிக்கவேண்டும். நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை நடராஜனைக் 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்றது ஏன் என்பது இதை அறிந்தவருக்கு விளங்கும்.

தாளத்தில் உறவு இன்னும் நெருங்குகிறது. கார்னகி மண்டபத்தில் 'சிங், சிங், சிங்' வாசித்தபோது ஓரிடத்தில் மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, ஜீன் க்ரூப்பாவின் முரசோடு குட்மேன் தனியே பேசுகிறார். அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அந்த இடம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் தவில் கணக்குப் போட்டுச் சரியான இடத்தில் வந்து விழும். க்ரூப்பாவின் முரசு ஒரே ஓட்டத்தில் உந்திக்கொண்டே போகும். சுருதியிலும் அதே பிரிவு: நடராஜனுக்கு அடியில் 'ச' அசையாமல் நிற்கிறது, குட்மேனுக்கு அடியில் நிலம் சில அடிகளுக்கு ஒருமுறை மாறுகிறது.

1938ஆம் ஆண்டிலேயே புடாபெஸ்ட் நால்வர் குழுவோடு மோசார்ட்டின் கிளாரினெட் குவின்டெட்டையும் குட்மேன் ஒலிப்பதிவு செய்தார். அந்த வாசிப்பில் வழுக்கல் இல்லை; ஒவ்வொரு சுரமும் தனித்தனியே நிற்கிறது. எங்கே வழுக்கவேண்டும், எங்கே கூடாது என்று அறிந்த கை அது.

மேளத்தோடு வளர்ந்த தீவுக் காதுக்கு என் தீர்ப்பு இது: முரசோடு கிளாரினெட் பேசுவதைக் கேட்கக் குட்மேன், ராகத்துக்கு நடராஜன். இருவரில் முதலில் கேட்கவேண்டியவர் நடராஜன். அவரைக் கேட்ட பிறகு குட்மேனின் வழுக்கல் நம்முடையதாகவே கேட்கும்.