கணினித் துப்புரவும் தொகுதிக் கோப்புகளும்

பல கட்டளைகளை வரிவரியாக எழுதி, அவற்றைக் கணினி தானே ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும்படி சேமித்து வைக்கும் உரைக்கோப்பு தொகுதிக் கோப்பு (பேட்ச் ஃபைல்) எனப்படும். தற்காலிகக் கோப்புகளை நீக்கி வட்டில் இடம் உண்டாக்கும் வேலைக்கு இது நெடுங்காலமாகப் பயன்படுகிறது.

பெயரும் தோற்றமும்

'தொகுதி' என்பது துளையட்டைக் காலத்துச் சொல். பலருடைய வேலைகளை அட்டைக் கட்டுகளாக அடுக்கி, கணினிக்கு மொத்தமாக ஊட்டினார்கள். 1963இல் கான்பூர் ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 1620, 1973இல் சென்னை ஐஐடியில் நிறுவப்பட்ட ஐபிஎம் 370 ஆகியவை அந்தக் காலத்துக் கணினிகள். அட்டைகளை ஒப்படைத்துவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும்.

1981இல் ஐபிஎம் தனிநபர் கணினியுடன் வந்த டாஸ் இயங்குதளத்தில் இதே எண்ணம் ஒரு சிறு கோப்பாகச் சுருங்கியது. 'ஆட்டோஎக்செக்.பேட்' என்ற கோப்பு, கணினியை இயக்கியவுடன் தானே ஓடியது.

கேள்வி கேட்காத கட்டளைகள்

விண்டோஸ் 98 உடன் 'டிஸ்க் கிளீனப்' என்ற வட்டுத் துப்புரவுக் கருவி வந்தது. அதன் கட்டளைப் பெயர் 'கிளீன்மேனேஜர்' என்பதன் சுருக்கம். 'சேஜ்செட்:1' என்ற விருப்பத்துடன் இயக்கினால், எவற்றை நீக்கலாம் என்ற பட்டியல் திரையில் வரும். குறியிட்டவை 1 என்ற எண்ணின்கீழ்ப் பதிவேட்டில் சேமிக்கப்படும். பின்னர் 'சேஜ்ரன்:1' என்று கொடுத்தால் எதையும் கேட்காமல் அவற்றை நீக்கிவிடும். இந்த ஒரு வரியைத் தொகுதிக் கோப்பில் எழுதி, பணி அட்டவணையில் சேர்த்துவிட்டால் வாரந்தோறும் துப்புரவு நடக்கும். 'சேஜ்' என்பது விண்டோஸ் 95க்கான 'பிளஸ்!' தொகுப்பில் இருந்த 'சிஸ்டம் ஏஜெண்ட்' என்ற பணி அட்டவணையின் மிச்சம். கருவி மறைந்தும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேட்காமல் செய்வதே இதன் வசதி, ஆபத்தும் அதுவே. 'சிடி' கட்டளையால் தற்காலிகக் கோப்புறைக்குச் சென்று, அடுத்த வரியில் 'டெல்' கட்டளையால் எல்லாவற்றையும் அழிக்கும்படி ஒருவர் எழுதுகிறார் என்று கொள்வோம். அந்தக் கோப்புறை இல்லாவிட்டால் முதல் வரி தோற்கும். ஆனால் ஓட்டம் நிற்காது. இரண்டாம் வரி, அப்போது இருக்கும் இடத்திலுள்ள கோப்புகளை அழித்துவிடும். 'டெல்' நீக்கியவை குப்பைத்தொட்டிக்கும் போவதில்லை. மாணவரின் செய்முறைப் பதிவேடு அங்கே இருந்தால் அதுவும் போயிற்று. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு, 'டவுன்லோட்ஸ்' கோப்புறையையும் துப்புரவுப் பட்டியலில் சேர்த்தது. பழக்கதோஷத்தில் எல்லாக் கட்டங்களிலும் குறியிடுவோருக்கு அது ஒரு பொறி.

மத்தளம்பாறையின் தொடர்பு

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அருகிலுள்ள மத்தளம்பாறையில் 2011 முதல் சோகோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. 1996இல் 'அட்வென்ட்நெட்' என்று தொடங்கி, 2009இல் பெயர் மாறிய நிறுவனம் இது. இதன் 'மேனேஜ்என்ஜின்' பிரிவு, ஓர் அலுவலகத்தின் எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளை விற்கிறது. வட்டுத் துப்புரவும் தொகுதிக் கோப்புகளை அனுப்பி ஓட்டுவதும் அதன் வசதிகளில் அடங்கும்.

இங்கே பிழையான ஒரு வரி, ஒரு கணினியோடு நிற்காது. எனவே அனுபவமுள்ளோர் 'டெல்' இருக்கும் இடத்தில் முதலில் 'டிர்' என்று எழுதி, நீக்கப்படப்போகும் கோப்புகளின் பட்டியலைப் பார்க்கிறார்கள். பிறகு ஒரே ஒரு கணினியில் ஓட்டிப் பார்த்தபின்தான் மற்றவற்றுக்கு அனுப்புகிறார்கள்.