ஒளிமரபியலின் வரலாறும் ஹர் கோவிந்த் கொரானாவும்

ஒளிமரபியல் என்பது, ஒளி பட்டால் இயங்கும் புரதங்களை மரபணு வழியாக நரம்பணுக்களில் உருவாகச் செய்து, அவற்றை ஒளியால் தூண்டவோ அடக்கவோ செய்யும் முறையாகும். இதன் தொடக்கம் மூளை ஆய்வில் இல்லை. உப்பு நீரில் உள்ளது.

உப்பளப் பாத்திகளில் உப்பு முற்றும்போது நீர் செந்நிறம் கொள்வதுண்டு. உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும் இதற்குக் காரணம். இத்தகைய நுண்ணுயிர் ஒன்றின் ஊதாநிறச் சவ்வில், கண்ணில் உள்ளதைப் போலவே ரெட்டினால் என்னும் நிறமியைக் கொண்ட புரதம் இருப்பதை 1971இல் ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கேனியஸ் ஆகியோர் கண்டறிந்தனர். இதுவே பாக்டீரியோரொடாப்சின். ஒளி பட்டதும் இது புரோட்டான்களைச் செல்லுக்கு வெளியே தள்ளுகிறது.

இப்புரதத்தின் ஆய்வில் பெரும்பங்கு ஆற்றியவர் ஹர் கோவிந்த் கொரானா. 1922இல் பஞ்சாபின் ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் (இன்று பாகிஸ்தான்) பிறந்த இவர், மரத்தடியில் கிராம ஆசிரியரிடம் தொடக்கக் கல்வி பெற்றவர். மரபுக்குறியீட்டு ஆய்வுக்காக 1968இல் நோபல் பரிசு பெற்றார். பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியபோது சவ்வுப் புரதங்களின் பக்கம் திரும்பினார். 1979இல் இவரது குழு பாக்டீரியோரொடாப்சினின் 248 அமினோ அமிலங்களின் வரிசையை வெளியிட்டது. மாஸ்கோவில் ஒவ்சின்னிகோவ் குழுவும் அதே ஆண்டில் வெளியிட்டது. 1980களில் கொரானா குழுவினர் இதன் மரபணுவைச் செயற்கையாக உருவாக்கி, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தனர். 85, 96ஆம் இடங்களிலுள்ள அஸ்பார்டிக் அமிலங்களை மாற்றியபோது புரோட்டான் கடத்தல் குன்றியது. ஒளிப்புரதத்தின் எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது என்பது இவ்வாறு புலப்பட்டது.

அதே 1979இல் பிரான்சிஸ் கிரிக், ஒரு வகை நரம்பணுவை மட்டும் கட்டுப்படுத்தும் முறை மூளை ஆய்வுக்குத் தேவை என எழுதினார். அதற்கான வழி பின்னரே பிறந்தது. 2002–2003இல் நாகெல், ஹெகெமன், பாம்பெர்க் ஆகியோர் பச்சைப்பாசியின் சேனல்ரொடாப்சின்களை விளக்கினர். 2005இல் டைசெராத், பாய்டன் முதலியோர் அதைக் கொண்டு நரம்பணுக்களைத் தூண்டினர். 2007இல் பாக்டீரியோரொடாப்சினின் உறவுப் புரதமான ஹாலோரொடாப்சின் நரம்பணுக்களை அடக்கப் பயன்பட்டது.

2021இல், விழித்திரை நோயால் பார்வையிழந்த 58 வயதினர் ஒருவர், இம்முறையாலும் சிறப்புக் கண்ணாடியாலும் மேசைமேல் இருந்த பொருள்களை இனங்கண்டு தொட்டார். அவ்வாண்டே ஓஸ்டர்ஹெல்ட், ஹெகெமன், டைசெராத் ஆகியோர் லாஸ்கர் விருது பெற்றனர். கொரானா அதைக் காண இல்லை. அவர் 2011 நவம்பர் 9 அன்று காலமானார். பயன் கருதாமல் செய்யப்பட்ட அடிப்படை ஆய்வு, அரை நூற்றாண்டு கழித்து ஒருவரின் கண்ணுக்கு ஒளி தந்தது.