மெல்லலகு கர்லூ - அடையாளம் காண்பதற்குள் மறைந்த பறவை

சேற்று நிலத்தில் நூறு கரைப்பறவைகள் மேய்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் வேறு இனம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பறவை ஆர்வலர்களுக்கு இது பொழுதுபோக்காக இருக்கலாம். ஆனால் ஓர் இனத்தின் வரலாற்றில் இதுவே வாழ்வா சாவா என்ற கேள்வியாகிவிட்டது.

கர்லூ என்பது நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகு கொண்ட பறவை. இதில் மெல்லலகு கர்லூ என்ற இனத்தை 1817-ல் வியேயோ என்ற பிரெஞ்சு அறிஞர் விவரித்தார். இதன் கூடுகளை உறுதியாகக் கண்டவர் உஷகோவ் ஒருவர்தான். சைபீரியாவின் தாரா நகருக்கு அருகில், 1909-க்கும் 1925-க்கும் இடையில் அவர் கண்டார். அதன் பிறகு எவர் கண்ணிலும் கூடு படவில்லை!

குளிர்காலத்தில் இவை மத்தியதரைக்கடல் நாடுகளுக்கு வந்தன. மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில் உள்ள மெர்ஜா செர்கா காயல், 1980-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். 1980-களின் இறுதியில் ஒரு சில பறவைகள் அங்கு குளிர்காலத்தைக் கழிப்பது தெரிந்ததும், பல நாட்டு ஆர்வலர்கள் அங்கே சென்றார்கள்.

அடையாளங்கள் என்னென்ன? சாதாரண கர்லூவை விடச் சிறிய உடல். நுனியில் மெலிந்து கூராகும் அலகு. வெளுத்த மார்பு, வெள்ளை வால். எல்லாவற்றுக்கும் மேலாக, விலாவில் வட்டமாக அல்லது இதய வடிவில் கரும்புள்ளிகள்.

படிக்க எளிதுதான். ஆனால் இளம் பறவைகளுக்கு அந்தப் புள்ளிகள் இல்லை, கோடுகளே உண்டு. சாதாரண கர்லூவின் இளம் பறவைக்கோ அலகு குட்டையாக இருக்கும். தூரத்தில், கானல் அலையும் வெளிச்சத்தில், எது எது என்று சொல்வது எப்படி?

1998-ல் இங்கிலாந்தின் ட்ரூரிட்ஜ் விரிகுடாவில் தென்பட்ட ஒரு பறவையே இதற்குச் சான்று. பலர் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். நிபுணர் குழுவும் முதலில் அதை மெல்லலகு கர்லூ என்று ஏற்றது. பின்னர் நடந்த மறு ஆய்வில், சாதாரண கர்லூ அல்ல என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் அந்தப் பதிவு நீக்கப்பட்டது.

இந்தப் பறவையைக் காக்க 1994-ல் பல நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் செய்தன. மறு ஆண்டு பிப்ரவரியில் மெர்ஜா செர்காவில் எடுத்த படங்களே ஐயமற்ற கடைசிப் பதிவாக நின்றுவிட்டன. 2024-ல் வெளியான ஆய்வு ஒன்று, இந்த இனம் அழிந்திருக்க 96 சதவீத வாய்ப்பு உண்டு என்றது. 2025 அக்டோபரில் ஐ.யூ.சி.என். அமைப்பு அழிந்துவிட்டதாகவே அறிவித்தது.

வேட்டையும், வாழிட இழப்பும் முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இந்தப் பறவை தன் உறவினரைப் போலவே இருந்தது. கூட்டத்தில் ஒன்றாக எண்ணப்பட்டதால், அது குறைந்து வந்தது காலம் கடந்தே உலகுக்குத் தெரிந்தது. சதுப்பு நிலத்தில் தொலைநோக்கியும் குறிப்பேடுமாக நிற்பவர்களின் பொறுமையான வேலைக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.