மெமரீஸ் ஆஃப் மர்டர் (2003)

மெமரீஸ் ஆஃப் மர்டர், தென்கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ எடுத்த குற்றப்புலனாய்வுப் படம். 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் வட்டாரத்தில் பெண்களும் சிறுமியருமாகப் பத்துப் பேர் கொல்லப்பட்ட வழக்கும், அதை ஒட்டி கிம் க்வாங்-ரிம் எழுதிய மேடை நாடகமும் இதற்கு மூலம். படம் உருவானபோது கொலையாளி யாரென்று தெரியாது. வழக்கை விசாரித்த காவலர்களையும் செய்தியாளர்களையும் ஊர்மக்களையும் போங் மாதக்கணக்கில் தேடிப் பேசினார். கொலையாளி எதிரே வந்தால் கேட்க ஒரு கேள்விப் பட்டியலே வைத்திருந்தார். இவ்வளவு தேடியும், தாமாக ஒருவனைக் குற்றவாளியாக்கிக் கதையை முடிக்க அவர் துணியவில்லை. படத்தில், சந்தேக நபரின் மரபணு பொருந்தவில்லை என்ற அறிக்கையோடு விசாரணை உடைந்துபோகிறது. உண்மை வழக்கைப் படமாக்குவோர் கற்க வேண்டிய அடக்கம் இது. அந்த அறிக்கை வந்துசேரும் சுரங்கப்பாதைக் காட்சியில், சந்தேக நபரிடம் சொல்லும் வசனத்தைக் காவலராக நடித்த சோங் காங்-ஹோவே உருவாக்கினார்: வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்ற கேள்வி. ஆங்கிலத் துணைவரியில் அதன் சாரம் தொலைந்தது. தமிழ்க் காதுக்கு அதில் விளக்க ஒன்றுமில்லை.

கற்பனைக் காவலர்களைப் படைத்து, அவர்கள் அடித்து வாக்குமூலம் வாங்குவதாகவும் தடயத்தைப் புனைவதாகவும் காட்டியது காவல்துறைக்கு இழைத்த அநீதி என்று வாதிடலாம். ஆனால் 1988இல் நடந்த எட்டாவது கொலைக்காக ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிலிருந்தவர், சித்திரவதையால் பொய் வாக்குமூலம் தந்தவர் என்று 2020 டிசம்பரில் விடுதலைத் தீர்ப்புப் பெற்றார். பாத்திரங்கள் கற்பனை, அவர்கள் செய்த கொடுமை கற்பனையன்று. இன்னொரு மறுப்பு கடைசிக் காட்சியைப் பற்றியது. கொலையாளி திரையரங்குக்கு வருவான், அவன் கண்ணை நேராகப் பார்க்க வேண்டும் என்றெண்ணியே சோங்கை கேமராவுக்குள் பார்க்க வைத்தார் போங். பின்னர் அடையாளம் காணப்பட்ட உண்மைக் கொலையாளியோ படத்தைச் சிறையில் பார்த்ததாகவும், எந்த உணர்ச்சியும் எழவில்லை என்றும் 2020இல் நீதிமன்றத்தில் சொன்னான். அதனால் அந்தப் பார்வை வீண் என்றாகாது. அப்பாவிகளை அடித்த கைகளும் அவற்றைத் தடுக்காத சமூகமும் அதே பார்வைக்கு எதிரேதான் அமர்ந்திருந்தன.

2019இல் மரபணுச் சோதனைதான் கொலையாளியை அடையாளம் காட்டியது. வேறொரு கொலைக்காக 1994 முதல் அவன் சிறையில் இருந்தான். கடைசிக் கொலைக்கான காலவரம்பும் 2006இலேயே முடிந்துவிட்டதால், அந்தப் பத்து உயிர்களுக்காக அவன்மீது வழக்குத் தொடுக்க முடியவில்லை.