ராமர் இறக்குவாரா, கிருஷ்ணர் இறக்குவாரா?

எங்கள் ஜூனியருக்கு மேஜிக் கார்டு பைத்தியம் பிடித்து ஆறு மாதம் ஆகிறது. 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்கிற கணக்கு வாத்தியார் உருவாக்கிய ஆட்டம். வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று ஐந்து நிறம்; ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணம். சீட்டுகளை பூஸ்டர் பாக்கெட்டில் விற்பார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று பிரித்தால்தான் தெரியும். அவன் பிரிக்கும்போது என் பர்ஸும் சேர்ந்து பிரியும்.

போன விடுமுறையில் தங்கமணியின் ஊரான மைசூருக்குப் போயிருந்தோம். ஒரு கடையில் வட்டமான சீட்டு ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். "இதுலயும் கலர் இருக்கேப்பா, எப்படி ஆடறது?" என்றான் பையன். கடைக்காரர் சிரித்தார். "ஆடறதுக்கு இல்ல தம்பி, மாட்டி வைக்கிறதுக்கு."

அதுதான் கஞ்சீபா. பாரசீகத்திலிருந்து வந்தது. பாபர் 1527-ல் சிந்துவில் இருந்த ஷா ஹசனுக்கு கஞ்சீபா சீட்டு அனுப்பியதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இங்கே வந்தபின் நம்மவர்கள் அதைத் தசாவதாரம் ஆக்கிவிட்டார்கள். பத்து அவதாரம், பத்துப் பிரிவு. பிரிவுக்கு ராஜா, மந்திரி, ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டு, மொத்தம் 120. பின்னணி நிறத்தைப் பார்த்தே பிரிவைச் சொல்லிவிடலாம். மச்சத்துக்கு மீன், பரசுராமருக்குக் கோடாலி என்று எண்ணிக்கைக்கு ஏற்ப வரைந்திருப்பார்கள். ஐந்து பிரிவுகளில் பத்துக்கு மதிப்பு அதிகம். மற்ற ஐந்தில் தலைகீழாக ஒன்றுக்கு.

அரண்மனைக்குத் தந்தத்தில் சீட்டு, சந்தைக்குத் துணியை ஒட்டி அரக்கு பூசிய சீட்டு. ஆனால் ராஜா கையிலும் அதே 120தான், குடியானவன் கையிலும் அதே 120தான். காசு கொடுத்து பலமான சீட்டு வாங்க முடியாது.

மைசூரில் இந்த ஆட்டத்துக்கு வாய்த்த பெரிய ரசிகர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார். 1831-ல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். பட்டம் மட்டும் இருந்தது, நாடு கையில் இல்லை. 1868-ல் இறக்கும்வரை அதே நிலைதான். அவர் பெயரில் உருவான ஸ்ரீதத்வநிதி என்ற பெரும் நூலில் கௌதுக நிதி என்று ஒரு பகுதி, முழுக்க விளையாட்டு. சாமுண்டேஸ்வரி பேரில் 320 சீட்டில் ஒரு ஆட்டம். 360 சீட்டு வரை போன ஆட்டமும் உண்டு! அவ்வளவு சீட்டை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? அரண்மனை வாசலைத் தாண்டி அவை பரவவில்லை.

ஓவியம் பிழைத்தது. மைசூர் கஞ்சீபாவுக்குப் புவிசார் குறியீடு கூட கிடைத்திருக்கிறது. கஞ்சீபா ரகுபதி பட்டர் என்றே பெயர் வாங்கிய ஓவியர் அங்கே உண்டு. ஆட்டம்தான் போய்விட்டது. இதை எழுதும்போது, பிள்ளைகளின் தமிழையும் இப்படிக் கண்ணாடி போட்டு மாட்டிவிடுவோமோ என்று ஒரு பயம்.

திரும்பி வந்ததும் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி 120 வட்டம் செய்தோம். ஜூனியரே வண்ணம் பூசினான். மூன்று பேர், ஆளுக்கு 40. பகலில் ஆடினால் ராமர் ராஜாவை வைத்திருப்பவர் முதலில் இறக்க வேண்டும், இரவில் கிருஷ்ணர் ராஜா. போன சனிக்கிழமை மைசூர் தாத்தாவை வீடியோவில் சேர்த்துக்கொண்டு ஆடினோம். தாத்தாவின் கை சீட்டை தங்கமணி எடுத்துக் காட்டினாள். அங்கே விடிந்துவிட்டது, இங்கே ராத்திரி.

"ராமர்தான்" என்றார் தாத்தா. "நோ தாத்தா, கிருஷ்ணர்!" என்றான் இவன்.

சண்டை இன்னும் தீரவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?