கரையும் வழியும்: காவிரியோர நெடுஞ்சாலை ஒன்றை முன்வைத்து

கல்லணையில் தொடங்கி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகாரை அடைகிறது தமிழ்நாட்டின் மாநில நெடுஞ்சாலை 22. அதன் பல பகுதிகள் காவிரியை ஒட்டியே செல்கின்றன. சாலையின் தொடக்கத்திலுள்ள அணையைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். சாலையோடு உடன்வரும் கரையைப் பற்றி எழுதியது குறைவு.

முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, கரிகாலனின் செயலாகச் சொல்வது காவிரிக்குக் கரை எடுத்ததையே. தெலுங்குச் சோடர் கல்வெட்டுகளும் கரையையே போற்றுகின்றன. கரிகாலனுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய இச்சான்றுகளால் அவன் காலத்து நிகழ்வை நிறுவ இயலாது. ஆயினும், இடைக்கால அரசமரபுகள் எதை அரசனின் பெருஞ்செயலாகக் கருதின என்பது தெளிவு.

டெல்டாவில் வயல் தாழ்ந்தது, கரை உயர்ந்தது. நீர் நிறைந்த மாதங்களில் நடப்பதற்கு உகந்த மேடு அதுவே. சோழர்காலக் கல்வெட்டுகள் நிலத்தின் இருப்பிடத்தை 'இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு' என்று குறிக்கின்றன. வதி என்பது வழி. வழியும் நீரும் ஒரே நில ஒழுங்கின் இரு கூறுகளாகவே இருந்தன.

இக்கரைகளைக் காத்தவர் யார்? 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இதற்கு ஒரு விடை தருகிறது. ஏரி, ஆறு, கால்வாய் ஆகியவற்றின் கரை உடையும் அபாயம் நேர்ந்தால், அக்கம்பக்கத்து 'உழைக்கும் வகுப்பினருள்' உடல்வலிமை உள்ள ஆண்களை ஊர்த்தலைவர் பணிக்கு அழைக்கலாம். கூலி உண்டு, மறுக்கும் உரிமை இல்லை. மறுப்போருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. வெள்ளம் எல்லோருடைய வயலையும் அச்சுறுத்தியது. மண்வெட்டி பிடிக்கும் கடமையோ ஒரு வகுப்பாருக்கு மட்டுமே விதிக்கப்பட்டது. தஞ்சை வட்டாரத்தில் அவ்வகுப்பாருள் பெரும்பாலோர் நிலமற்ற பண்ணையாட்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

குடிமராமத்து என்ற ஊர்வழக்கப் பணியைச் செய்யத் தவறுவோர்மீது நடவடிக்கை எடுக்கவும் இதே சட்டம் வகைசெய்தது. 2017இல் தமிழ்நாடு அரசு நீர்நிலைச் சீரமைப்புத் திட்டத்துக்கு அப்பெயரையே சூட்டியது. அதன்பின் அச்சொல் ஊரொற்றுமையின் அடையாளமாகவே பேசப்படுகிறது. ஊர் கூடிச் செய்த பணிகள் இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊர் என்பது நிலமுடையோரின் அவையா, மண் சுமந்தோரின் கூட்டமா என்று கேளாமல் எழுதப்படும் நீர்வரலாறு பாதி வரலாறே.

செப்பேடு கரை எடுத்த அரசனைப் பெயர்சொல்லிப் போற்றுகிறது. சட்டம் கரை காத்தவர்களைப் பெயரின்றி ஒரு வகுப்பாகச் சுட்டுகிறது. காவிரியோரச் சாலைகளை ஆராய முற்படும் மாணவர்கள் இவ்விரு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.